பதினேழு சதவீதம்

மிச்சக்காரர் என்பது பட்டறையில் பேட்டரி செய்யும் அவருக்கு வைத்த பெயர். எதிலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டு திருகு போதும் என்ற இடத்தில் மூன்று போடுவார். பேருந்துக்கு அரை மணி முன்னாலேயே போய் நிற்பார். சாப்பாட்டு டப்பாவில் கடைசிக் கவளத்தை விட்டுவைப்பார்.

"அண்ணா, அந்த ஒரு வாயைச் சாப்பிட்டா செல்லு செத்துடுமா?" என்று அங்கே மோட்டார் வேலை பார்க்கும் மோட்டார்காரன் சீண்டுவான்.

"சிரி, சிரி. உன் மோட்டார் நடுவழியில நிக்கறப்போ என் மிச்சம்தான் அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்" என்பார் அவர்.

பட்டறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த நீளமான ஒற்றைக் கூடம். ஒரு பக்கம் மோட்டார்காரனின் சக்கரங்களும் சங்கிலிகளும் எண்ணெய்க் கறையோடு குவிந்து கிடக்கும். ஜன்னலோரம் மிச்சக்காரரின் மேசை, அதன் அடியில் எப்போதும் இரண்டு வாளி மணல். பக்கத்தில் ஒரு பழைய குளிர்பெட்டி. குளிரில் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்காக அவர் வாங்கிப்போட்டது. அதில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்க விட மாட்டார். குளிர்பெட்டி இருந்தும் வெந்நீர் குடிக்கும் ஒரே பட்டறை இதுதான் என்று மோட்டார்காரன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

அங்கே செய்தது சின்ன ரோபோக்கள். கிடங்கில் பெட்டி எண்ணுவது, மருத்துவமனையில் மருந்துத் தட்டு கொண்டுபோவது, ஆள் நுழைய முடியாத குழாய்க்குள் ஊர்ந்து பார்ப்பது. அவற்றுக்குப் பேட்டரி வடிவமைப்பது மிச்சக்காரரின் வேலை. ஏழு செல்களை அடுக்கி நாடா சுற்றிக் கொடுத்தால் முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அவருடைய பேட்டரிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். ஒவ்வொரு செல்லின் அழுத்தத்தையும் சூட்டையும் அது விடாமல் பார்க்கும்; எவ்வளவு மின்சாரம் வெளியே போகிறது என்று நொடிக்குப் பத்து தடவை எழுதிவைக்கும்; இன்னும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சொல்லும்; ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் மின்சாரத்தை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கதவு சாத்துவதில்தான் அவர் ரொம்பக் கண்டிப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரிப் பக்கமே போகாதவர் அவர். ஒரு பழுதுபார்க்கும் கடையில் பழைய பேட்டரிகளைப் பிரித்து மாற்றிக்கட்டும் வேலையில் தொடங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல் தயாரிப்பாளர்களின் விவரத் தாள்களை ஒவ்வொன்றும் நாற்பது தடவை படித்து, தானாகவே கற்றுக்கொண்டவர். அந்தக் கடையில் ஒருநாள், அடிவரை வற்றிப்போன ஒரு செல்லை, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடி சார்ஜில் போட்டார். அரை மணி நேரம் சாதுவாக இருந்தது. பிறகு சீறிக்கொண்டு வெடித்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த மேசையில் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்த நண்பனுக்கு இடது கண் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு போர்டிலும் இரண்டு விதிகள் இருந்தன. மற்றவர்கள் ஒரு செல் 2.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை விட்டுவைப்பார்கள். இவர் 3.2 வோல்ட்டிலேயே கதவைச் சாத்திவிடுவார். ஏழில் ஒரே ஒரு செல் இறங்கினாலும் போதும். இரண்டாவது விதி, சாத்திய கதவு தானாகத் திறக்கக் கூடாது. ஒரு மனிதன் வந்து பார்த்து, பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் இருக்கும் பட்டனைக் கையால் அழுத்தினால்தான் திறக்கும். பத்து வருடத்தில் அவருடைய பேட்டரி ஒன்றுகூடப் புகைந்ததில்லை. முதலாளி விற்கப் போகும் இடமெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வார்.

ஊருக்கு வெளியே பூமிக்கடியில் கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் அதன் கூரை சரிந்தது. ஒரு வெல்டர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே பாறை. அவர் இருந்த இடம்வரை ஒரு முழ அகலக் குழாய் ஒன்று உடையாமல் இருந்தது. பட்டறைக்கு ஆள் வந்தது. மோட்டார்காரன் குழாய் ரோபோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஆமை. விளக்கும் ஒலிபெருக்கியும் மைக்கும் பொருத்தி, பின்னால் ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக்கொண்டு பத்து மணிக்கு ஆமை உள்ளே போனது. வழியிலேயே கேமராவைச் சேறு மூடிவிட்டது. ஆனாலும் அது வெல்டரின் தோள் பக்கத்தில் போய் நின்றது. அவர் வலது கை வெளியே இருந்தது. அவர் பேசினார்.

மேலே வண்டிக்குள், மோட்டார்காரனுக்குப் பக்கத்து நாற்காலியில், வெல்டரின் மனைவியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரம் அவர்கள் பேசினார்கள்; இடையிடையே அவர் கண்ணயர்ந்தார், அவள் காத்திருந்தாள். மிச்சக்காரர் அப்போது பட்டறையில் மாற்று பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒன்று நாற்பதுக்கு, விளக்கு கண்ணைக் குத்துகிறது, கொஞ்சம் திருப்பச் சொல் என்றார் வெல்டர். மோட்டார்காரன் ஆமையைச் சேற்றில் லேசாகத் திருப்பினான். அதற்குப் பிறகு கீழேயிருந்து பதில் இல்லை. மறுபடி களைத்துப்போய்க் கண்ணயர்ந்திருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏனென்றால் அது குழாய் வாயில் வைத்த பெட்டியிலிருந்து வந்தது, ஆமையிலிருந்து அல்ல. பதினோரு நிமிடம் கழித்துத்தான் மோட்டார்காரனுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பதினோரு நிமிடமும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

கம்பியைப் பிடித்து ஆமையை வெளியே இழுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பேட்டரி மாற்றி மறுபடி உள்ளே போனபோது யாரும் பதில் சொல்லவில்லை. மீட்புக்காரர்கள் அவரை எட்டியது அன்று சாயங்காலம். ஆமை நின்று ஒரு மணி நேரம் போல உயிர் இருந்திருக்கும், எது எப்படி இருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து வெல்டரின் மனைவி பட்டறைக்கு வந்தாள். மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, வாசலிலேயே நின்றாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"இங்க பேட்டரி பண்றவர் யாரு?"

"நான்தாம்மா."

"உங்க மிஷின் எல்லாத்தையும் எழுதி வைக்கும்னு அன்னைக்கு வண்டியில இருந்த தம்பி சொன்னார். ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார்." அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "அன்னைக்குக் காலையில சண்டை போட்டோம். குளியலறைத் தாழ்ப்பாள் உடைஞ்சு மூணு வாரம். ஊரெல்லாம் இரும்பை ஒட்டுற மனுஷன், வீட்டுல ஒரு தாழ்ப்பாளைப் பார்க்கல. கோவத்துல, நீங்க வந்தாலும் ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டுக்கிட்டுத்தான் போனார்."

மிச்சக்காரர் கையிலிருந்த திருகை மேசையில் வைத்தார்.

"மைக்கைக் கொடுத்ததும் முதல்ல அதைத்தான் சொல்லியிருக்கணும். சுத்தி அத்தனை ஆம்பளைங்க. வெட்கமா இருந்துச்சு. சாவி, தண்ணி, உங்க அண்ணனுக்குச் சொல்லியாச்சு, இப்படியே பேசிட்டு இருந்தேன். கடைசியிலதான் சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு, நீங்க இல்லாட்டி அது வீடே இல்லைன்னு. அது அவர் காதுல விழுந்துச்சா?"

"பார்த்துச் சொல்றேம்மா. ரெண்டு நாள் குடுங்க."

அவள் இறங்கிப் போனதும் மோட்டார்காரன் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு வந்தான். "என்னண்ணா பார்க்கப்போறீங்க? விழுந்துச்சும்மான்னு சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

"விழுந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்?"

"போர்டுக்குத் தெரியும்."

ஆமை சேறு காய்ந்தபடி மூலையில் கிடந்தது. விசாரணைக்குத் தேவைப்படும் என்று யாரும் தொடவில்லை, விசாரணைக்காரர்களும் வரவில்லை. மிச்சக்காரர் அதைத் தூக்கி மேசையில் வைத்தபோதுதான் மேல்மூடியைப் பார்த்தார். காய்ந்த சேற்றில் நாலு விரல்களின் தடம். ஒன்றன்மேல் ஒன்றாக, ஐந்தாறு தடவை. பேசிக்கொண்டே இருந்து நின்றுபோன ரேடியோவைத் தட்டுவது போல யாரோ தட்டியிருக்கிறார்கள். ரப்பர் மூடி அங்கிருந்து ஒரு சாண் பின்னால் இருந்தது.

அன்று ஆமையிலிருந்து கழற்றிவைத்த பழைய பேட்டரியை அவர் எடுத்துவந்தார்.

பேட்டரியைக் கணினியோடு இணைத்தார். அதன் நினைவில் அந்த மூன்றேமுக்கால் மணி நேரமும் ஒரு கோடாகக் கிடந்தது. முதலில் அவர் கண் போனது கோட்டின் முடிவுக்கு. சேற்றில் திரும்ப மோட்டார் முக்கியபோது நான்காவது செல் மட்டும் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தது. இரண்டே நொடி. போர்டு கதவைச் சாத்திவிட்டது. சுமை போனதும் அந்தச் செல் பழையபடி நிமிர்ந்துவிட்டது. மீதம் என்ற இடத்தில் பதினேழு சதவீதம் என்று இருந்தது. விளக்கும் பேச்சும் மட்டும் என்றால் ஐம்பது நிமிடம் ஓடும்.

செல்லைக் காப்பாற்றத்தான் அவர் அந்த எல்லையை வைத்தார். செல் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவள் கேட்டதைத் தேடினார். வண்டி மைக்கில் பதிவான அவள் குரல் மட்டும் அவரிடம் இருந்தது; வெல்டர் பேசியதை மோட்டார்காரன் நினைவிலிருந்து சொன்னான். ஆனால் வண்டியின் கடிகாரமும் பேட்டரியின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. ஒன்றரை நிமிடம் முன்னே பின்னே இருந்தன. ஒன்றரை நிமிடம் போதும், எல்லாம் மாறிவிடும். ஆகவே அவர் கடிகாரத்தை நம்பவில்லை. ஒலிபெருக்கி ஒவ்வொரு அசைக்கும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். அவள் பேசும்போது கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் எழும். வெல்டரின் குரலை மைக் மேலே அனுப்பும்போது எழும் மேடுகள் அதைவிடத் தாழ்வானவை. பதிவைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒரு மேட்டோடு பொருத்தினார். ஒரு நாள் முழுக்க அதுவே வேலை. மறுநாள் மத்தியானம் கடைசி மேட்டுக்கு வந்து சேர்ந்தார். சந்தேகமே இல்லை என்று ஆனபிறகும் மூன்று தடவை பொருத்திப் பார்த்தார்.

முதலாளி வந்து பின்னால் நின்றார். அவருடைய பாதி வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். "அண்ணா, விசாரணைக்குச் சார்ஜ் தீர்ந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சு. போர்டு பூஜ்யம்னு காட்டினா தீர்ந்ததுன்னுதானே அர்த்தம்?"

"போர்டு பூஜ்யம்னு காட்டல. கதவைச் சாத்தியிருக்கு. ரெண்டும் வேற."

"அந்த வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"அதனாலதான் நாமதான் சொல்லணும்."

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மோட்டார்காரன் தலைகுனிந்து ஒரு சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "திருப்பினது நான்தானேண்ணா" என்றான். "அவர் கேட்டார்னு திருப்பினேன். நீங்க அந்தம்மாகிட்ட எதைச் சொல்லப் போனாலும் அதையும் சேர்த்துச் சொல்லணுமே."

"திருப்பினா தாங்கணும். தாங்குற மாதிரி நான் செஞ்சிருக்கணும். உன் பேரை நான் இழுக்க மாட்டேன்."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வலிக்காது வலிக்காதுன்னு சொல்லித்தான் தினமும் நூறு பேருக்கு ஊசி குத்துறேன். பொய்யில்லாம பிழைப்பு ஓடுமா?"

"அப்போ பொய் சொல்லவா?"

"சொல்லுங்க. அவ தூங்குவா." ஒரு சட்டையை உதறினாள். "ஆனா என்கிட்ட ஒருத்தர், ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு நேரா கேட்டா நான் பொய் சொல்றதில்ல. அவங்க அதை வச்சுத்தான் மீதி நாளை ஓட்டப்போறாங்க. அந்தப் பொண்ணு நேராத்தானே கேட்டிருக்கா?"

"நேராத்தான் கேட்டா."

"பின்ன என்ன, என்னைக் கேக்குறீங்க?"

சொன்ன நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வெல்டரின் மனைவி வந்தாள். தையற்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இந்தத் தடவை உட்கார்ந்தாள். மோட்டார்காரன் எழுந்து கீழே போகப் பார்த்தான். பிறகு போகாமல் தன் இடத்திலேயே நின்றுவிட்டான்.

மிச்சக்காரர் இரண்டு நாளாக மனதுக்குள் வாக்கியம் கட்டிப்பார்த்திருந்தார். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"விழலைம்மா" என்றார். "நீங்க அதைச் சொல்றதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே மிஷின் நின்னுடுச்சு."

அவள் மேசையில் கிடந்த திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"அப்போ அவர் காதுல கடைசியா என்ன விழுந்துச்சு?"

"விளக்கைத் திருப்பச் சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, வெளிய வந்ததும் முதல் வேலை அந்தத் தாழ்ப்பாள்தான்னு அவர் சொன்னார். மூணு வாரமா இதைத்தானே சொல்றீங்கன்னு நீங்க கேட்டீங்க. அவர் விளக்கைப் பத்திச் சொல்லி முடிச்சப்போ நீங்க இன்னும் சிரிச்சுட்டு இருந்தீங்க. அவர் காதுக்குப் போன கடைசிச் சத்தம் அதுதான். உங்க சிரிப்பு."

"சிரிச்சேனா?" என்றாள். அவளுக்கு அது நினைவில்லை. "அந்த நேரத்துல நான் சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் ஆடின. மிச்சக்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"சார்ஜ் தீந்துடுச்சு, இல்லையா?"

தலையாட்டினால் போதும். முதலாளி எழுதிக் கொடுத்ததும் அதுதான். உலகத்தில் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை.

"தீரலை. பதினேழு சதவீதம் இருந்துச்சு. ஒரு செல் ரெண்டு நொடி தளர்ந்துச்சு, அதுக்கே நிறுத்துற மாதிரி நான் செஞ்சு வச்சிருந்தேன். தீப்பிடிக்கக் கூடாதுன்னு பயந்து செஞ்சது. அதை எழுப்ப பின்னாடி ஒரு பட்டன் இருக்கு. பட்டன் இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலை. ஆள் பக்கத்துல இருக்கிற இடத்துக்கு அது போகுதுன்னு தெரிஞ்சப்போ நானாவது சொல்லி அனுப்பியிருக்கணும். எனக்குத் தோணலை."

"எங்க இருக்கு பட்டன்?"

பழைய பேட்டரியையே அவர் ஆமைக்குள் திரும்பப் பொருத்தி வைத்திருந்தார்; அதைத் திருப்பி ரப்பர் மூடியைக் காட்டினார். சேற்றுத் தடத்தை அவள் பார்த்துவிட்டாள். அது என்னவென்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் நாலு விரல்களை அவள் அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். வெல்டருடைய விரல்கள் தடித்தவை போலிருக்கிறது, அவள் விரல்கள் உள்ளே அடங்கின. பிறகு கை பின்னால் நகர்ந்து மூடியைத் திறந்தது. அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் வந்தது. பட்டப்பகலில் அந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்து நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அவள் கத்துவாள் என்று மிச்சக்காரர் எதிர்பார்த்தார்; கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் மோட்டார்காரன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உங்களை நான் நல்லவர்னு சொல்லமாட்டேன்" என்றாள் மிச்சக்காரரிடம்.

"வேண்டாம்மா."

"விசாரணையில இதையே சொல்வீங்களா?"

"எழுதியே வச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

வாசல்வரை போனவள் நின்றாள். "நாங்க பேசுனது முழுக்க அதுல இருக்கா?"

"பேச்சு இல்லை. பேச்சோட மேடு பள்ளம் மட்டும்."

"காட்டுங்க."

மோட்டார்காரன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டான். மிச்சக்காரர் திரையை அவள் பக்கம் திருப்பி, கோட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். ஆமை குழாயில் ஊர்ந்துபோன இடம் முள்வேலி போலத் தாறுமாறாக இருந்தது. அதைத் தாண்டியதும் கோடு அமைதியானது. முதல் மேடுகள் வந்தன.

"உயரமா இருக்கிறது நீங்க" என்றார். "தாழ்வா இருக்கிறது அவர்."

அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். சில இடங்களில் உதடு அசைந்தது. என்ன பேசினார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன வேகத்துக்கு அவர் கோட்டை நகர்த்தினார். தாழ்வான மேடுகள் வரும் இடத்தில் அவள் விரல் மெதுவாகப் போனது. சாப்பாட்டு நேரம் முடிந்து முதலாளி மேலே வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி இறங்கிப் போனார்.

ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. மேடுகள் உயரமும் தாழ்வுமாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன.

"இது யாரு?"

மிச்சக்காரர் குனிந்து பார்த்தார். "ரெண்டு பேரும்மா. ஒரே நேரத்துல பேசியிருக்கீங்க."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் அவள். "யாரும் யாரையும் முடிக்க விடமாட்டோம்."